கொதிக்கும் சேறும் அப்பாவின் கடையும்

கந்தகத்துக்கு நாற்றம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கந்தக ஊற்றுகளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் "அழுகிய முட்டை நாற்றம் வீசும் கந்தகம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் கந்தக மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன். எனக்குக் கோபம் வருமா வராதா?

எங்களுக்குச் சிவகாசியில் கெமிக்கல் கடை. பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆலைகளுக்கும் சரக்குப் போடுகிற சின்னக் கடை. தாத்தா ஆரம்பித்தது, அப்பா நடத்துவது. கந்தகம் என்பது எங்கள் வீட்டில் மஞ்சள்பொடி மாதிரி ஒரு சாதாரணப் பொருள். தூளாக இருக்கும்போது மூக்கை வைத்து உறிஞ்சினாலும் லேசான தூசி வாசம், அவ்வளவுதான். கொளுத்தினால் கதை வேறு. நீலச் சுடரோடு எரியும், தொண்டையைப் பிடிக்கிற புகை வரும். அது சல்ஃபர் டை ஆக்சைடு. தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் மிச்சம் இருக்குமே, அதில் இந்த வாசமும் உண்டு. அழுகிய முட்டை மூன்றாவது ஆள். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற வாயு. கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து போடுகிற வேஷம். எரிமலைப் பக்கத்து ஊற்றுகளில் நாறுவது இவர்தான்.

இந்த மூன்று பேரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியது ஏன் என்று கடைசியில் புரியும். இப்போது கலிஃபோர்னியாவுக்குப் போவோம்.

போனது ஊர் சுற்ற அல்ல. அக்காவுக்குப் பிரசவம். அக்காவும் அத்தானும் சாக்ரமெண்டோவில் இருக்கிறார்கள். அம்மா மூன்று மாதம் முன்பே மிளகாய்ப் பொடி, பிரசவ மருந்து, சுக்கு எல்லாம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். குழந்தை பிறந்ததும் பேரனைப் பார்க்க அப்பாவும், அப்பாவுக்குத் துணையாக நானும் 2025 ஜூன் கடைசியில் போனோம். கல்லூரி திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வருகைப் பதிவேட்டில் விழுந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்பது தனிக்கதை.

அப்பாவுக்கு அங்கே ஒரு வாரத்துக்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. குழந்தை தூங்கும், அல்லது அழும். தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. கடைக்குப் போன் போட்டால் அங்கே நடுராத்திரி. அத்தான்தான் யோசித்து, "மாமா, மூணு மணி நேரத்துல ஒரு எரிமலை இருக்கு. அங்க ரோட்டோரமாவே கந்தகம் கொதிக்குதாம்" என்றார். அப்பா உடனே எழுந்து சட்டை மாட்டிவிட்டார். நாளைக்குத்தான் போகிறோம் என்று சொல்லி உட்கார வைக்க வேண்டியதாயிற்று :-)

இன்னொரு விஷயமும் அந்தக் காரில் ஏறிக்கொண்டு வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்த பிறகு எங்கள் கடை பழைய கடையாக இல்லை. பச்சை உப்பு என்று நாங்கள் சொல்கிற பேரியம் நைட்ரேட் போனது. அதை வாங்க வந்தவர்கள் கூடவே வாங்கிப் போன மற்ற சரக்கும் குறைந்தது. அக்கா வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்: "கடையைக் குடுத்திருங்கப்பா. தம்பி படிச்சு முடிச்சு வேற வேலைக்குப் போகட்டும்." அப்பா பதில் சொல்லவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. மூன்று நாளாக வீட்டில் இந்தப் பேச்சு நடுவில் நிற்க, அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம்.

சாக்ரமெண்டோவிலிருந்து வடக்கே போகிற நெடுஞ்சாலை ஒரே சமவெளி. வயல், வாதுமைத் தோட்டம், மறுபடி வயல். ரெட் பிளஃப் என்ற ஊரில் இறங்கி டீ குடித்தபோது நம்ம சாத்தூர் வெயிலே தேவலை என்று இருந்தது. அங்கிருந்து கிழக்கே மலை ஏறத் தொடங்கியது பாதை. ஒரு மணி நேரத்தில் பைன் மரங்கள், குளிர் காற்று, சாலை ஓரத்தில் அழுக்கு ஏறிய பனிக் குவியல். பூங்கா வாசலில் காருக்கு 30 டாலர். அப்பா மனசுக்குள் பெருக்கி, "ரெண்டாயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல!" என்றார். எந்தத் தொகையையும் ரூபாயில் மாற்றாமல் அவரால் விழுங்க முடியாது.

இடத்தின் பெயர் லாசன் எரிமலை தேசியப் பூங்கா. லாசன் சிகரம் 1914-ல் விழித்துக்கொண்டு 1917 வரை விட்டு விட்டு வெடித்தது. 1915 மே 22 அன்று வெடித்ததுதான் பெரிய வெடி. அந்தக் கொந்தளிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 1916 ஆகஸ்டில், இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். எரிகிற வீட்டுக்குப் பட்டா போட்ட மாதிரி. சிகரம் இப்போது அமைதியாக இருக்கிறது. ஆனால் அடியில் சூடு ஆறவில்லை. அது ஆறவில்லை என்பதற்குச் சாட்சிதான் சேற்றுக் குழிகள்.

வாசல் தாண்டி ஒரு மைல்கூட இருக்காது, சல்ஃபர் வொர்க்ஸ் வந்துவிடுகிறது. உண்மையிலேயே ரோட்டோரம். கார் கதவைத் திறந்ததும் முட்டை நாற்றம் வந்து வரவேற்றது. அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்பா மூக்கை நீட்டிக்கொண்டு முன்னால் போனார்.

நடைபாதைக்கு இந்தப் பக்கம் தார் ரோடு, அந்தப் பக்கம் கம்பித் தடுப்பு, தடுப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு குழி. அதில் சேறு கொதிக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்டதைச் சொல்ல வேண்டும். கம்பங்கூழ் கெட்டியாகும் நேரத்தில் அடுப்பில் ஒரு சத்தம் போடுமே, தளக்... புளக்... என்று, அது. அதே சத்தத்தைப் பத்து மடங்கு பெரிய பானையில் யாரோ கிண்டுகிற மாதிரி. ஒரு குமிழ் மெதுவாக மேலே வருகிறது. சேறு வயிறு மாதிரி உப்புகிறது. பளபளவென்று இழுபட்டு நிற்கிறது. படாரென்று வெடித்து நாலு பக்கமும் சேற்றைத் துப்புகிறது. வட்டம் வட்டமாக அலை போய் ஓரத்தில் அடங்குவதற்குள் அடுத்த குமிழ். பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாங்கள் இருபது நிமிடம் நின்றோம்.

இந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் பிடித்த பகுதி. யாரும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டவில்லை. மழையும் உருகிய பனியும் பாறை இடுக்குகளில் இறங்கி ஆழத்தில் சூடாகின்றன. கொதித்து ஆவியாகி மேலே வருகின்றன. கூடவே எரிமலை வாயுக்கள், அதில் நம்முடைய முட்டை வாயுவும் ஒன்று. மேலே வந்ததும் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கடைசியில் கந்தக அமிலம் ஆகிறது. இந்த வேலையில் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு. அமிலம் எரிமலைப் பாறையைத் தின்கிறது. பாறை இளகிக் களிமண் ஆகிறது. பீங்கான் செய்கிற கயோலின் வகைக் களிமண்ணும் அதில் உண்டு. அதாவது, அந்தக் குழி தன்னுடைய சுவரையே தின்று, அதையே கூழாக்கி, அதையே கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. பனி உருகும் காலத்தில் தண்ணீர் அதிகம், சேறு மோர் மாதிரி இருக்கும். கோடை முடிகிற நேரத்தில் தண்ணீர் வற்றி கெட்டிக் களி ஆகிவிடும். நாங்கள் பார்த்தபோது நடுவாந்திரமாகக் கூழ் பதத்தில் இருந்தது.

அகலமாகிக்கொண்டே போகிற குழிக்குப் பக்கத்தில் தார் ரோடு போட்டுவிட்டு மனிதன் காத்திருக்கிறான். யார் ஜெயிப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலே சரிவில் ஆவி வருகிற துளைகளின் வாயில் மஞ்சளாக ஊசி ஊசியாகப் படிந்திருந்தது. அதுதான் அசல் கந்தகம். "இது கல்லுக் கந்தகம்" என்றார் அப்பா. "உங்க தாத்தா காலத்துல கட்டி கட்டியாத்தான் வரும். உடைச்சு அரைச்சு சலிக்கணும். இப்பல்லாம் ரெடிமேட்." குரலில் இருந்தது பெருமையா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

சல்ஃபர் வொர்க்ஸ் என்ற பெயரே தொழில் பெயர்தான். 1860-களில் மத்தையஸ் சூபன் என்பவர் இங்கே உரிமை வாங்கிக் கந்தகம் எடுத்தார். பிறகு அவர் சந்ததியினர் கந்தகத்தை விட்டுவிட்டு, வருகிற ஜனங்களுக்குச் சாப்பாட்டுக் கடை, குளியல் என்று நடத்திப் பார்த்தார்கள். இப்போது அந்தக் கட்டடங்கள் எதுவும் இல்லை. நிலம் பூங்காவுக்குப் போய்விட்டது. இதை அத்தான் அறிவிப்புப் பலகையிலும் போனிலுமாகப் படித்துப் படித்துச் சொல்ல, அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏன் விட்டாங்களாம்? சரக்கு தீர்ந்துபோச்சா?"

சரக்கு தீரவில்லை. கண்ணெதிரே ஊறிக்கொண்டிருக்கிறது. மலை உச்சியிலிருந்து கந்தகத்தை வண்டியில் இறக்கிக் கட்டுப்படியாகிற காலம்தான் தீர்ந்தது. இங்கே நான் கொஞ்சம் என் பாடத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், மன்னிக்கவும். அடக்கவிலைக் கணக்கியலில் உபவிளைபொருள் என்று ஒரு அத்தியாயம் உண்டு. எண்ணெய் ஆட்டினால் பிண்ணாக்கு வருகிற மாதிரி. பிண்ணாக்குக்காக யாரும் செக்கு போடுவதில்லை. இன்று உலகத்தில் கிடைக்கிற கந்தகத்தில் மிகப் பெரும்பகுதி இப்படிப்பட்ட பிண்ணாக்குதான். கச்சா எண்ணெயிலும் இயற்கை வாயுவிலும் கந்தகம் இருக்கிறது. அதை நீக்காமல் பெட்ரோல், டீசலாக விற்கக் கூடாது. இந்தியாவில் 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 விதி வந்தது. எரிபொருளில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. நீக்கிய கந்தகத்தை எங்கேயாவது தள்ளித்தானே ஆக வேண்டும்?

சுத்திகரிப்பு ஆலையில் எப்படி நீக்குகிறார்கள் தெரியுமா? ஹைட்ரஜனோடு சேர்த்து நம்ம முட்டை வாயுவாக மாற்றிப் பிரிக்கிறார்கள். பிறகு அந்த வாயுவில் ஒரு பகுதியை எரித்து, மீதியோடு சேரவிட்டு, மஞ்சள் கந்தகமாகப் பிடிக்கிறார்கள். எங்கள் கடைக்கு மூட்டையில் வருவது அதுதான். அதாவது எங்கள் நாற்றமில்லாத கந்தகம், ஒரு காலத்தில் இதே நாற்றமாக இருந்தது. இந்த மலையில் நடப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு வேலை ஆலைக்குள் நடக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னேன். முப்பத்தைந்து வருடம் கந்தகம் விற்றவர், சேற்றுக் குமிழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இந்த நாத்தத்தையா தராசுல வச்சு வித்துக்கிட்டிருக்கேன்?" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர் வயதானவர், தொப்பி போட்டவர். என்ன சிரிப்பு என்று கேட்டார். அத்தான் "இவர் இந்தியாவில் கந்தகம் விற்கிறவர்" என்று சொன்னதுதான் தாமதம், அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சாக்ரமெண்டோவுக்குத் தெற்கே லோடை என்ற ஊர்க்காரர். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். வாழ்க்கை முழுக்கக் கந்தகம் வாங்குகிறவர்!

திராட்சையில் சாம்பல் நோய் என்று ஒன்று வரும். இலையிலும் பிஞ்சிலும் மாவு தூவின மாதிரி பூஞ்சை. அதற்குக் கந்தகத் தூள் தூவுவது நூற்று எழுபது வருடத்துக்கும் மேலான வைத்தியம், இன்னும் அசைக்க முடியவில்லை. கலிஃபோர்னியாவில் எடை கணக்கில் பார்த்தால் வயலில் போடுகிற மருந்துகளில் கந்தகம்தான் முன்வரிசை. அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. அவருக்குத் தமிழ் வராது. ஆனால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்து "எவ்வளவு நைஸ்?" என்று அப்பா கேட்டதை மொழிபெயர்க்க அத்தான் தேவைப்படவில்லை. தூள் எவ்வளவு பொடியாக இருக்க வேண்டும், ஈரம் பட்டால் கட்டி தட்டுமா, காற்றில் பறந்து கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். வெயில் உச்சத்தில் தூவினால் இலை கருகும் என்று அவர் நடித்துக் காட்டினார். கொதிக்கிற சேற்றுக்கு முன்னால் நின்று இரண்டு கந்தகக்காரர்கள் தொழில் பேசியதை நான் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பேச்சு நின்றிருக்கும்.

அடுத்தது பம்பஸ் ஹெல். பம்பஸின் நரகம். கார் நிறுத்துமிடமே 8,000 அடிக்கு மேல், கிட்டத்தட்ட நம்ம ஊட்டியை விட உயரம். அங்கிருந்து போக வர 3 மைல் நடை. அப்பாவுக்கு மூச்சு வாங்கும் என்று நிதானமாகப் போனோம். வழியில் ஒரு இடத்தில் பாதைமேல் பனி இருந்தது. அப்பா வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியைத் தொட்டார். தொட்டுவிட்டு, வேட்டியில்லாத ஞாபகமே இல்லாமல், பேன்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மேடு ஏறி இறங்கும் திருப்பத்தில் முதலில் காதுக்குத்தான் தெரிகிறது. இரைச்சல், பஸ் ஸ்டாண்டில் நாலு பஸ்ஸுக்கு ஒரே நேரத்தில் காற்று இறக்கின மாதிரி. பிறகு முழுப் பள்ளமும் கண்ணுக்கு வருகிறது. சுற்றிலும் பச்சை மரம், வெள்ளைப் பனி. நடுவில் 16 ஏக்கருக்கு ஒரு புல்கூட இல்லாமல் வெளுத்த நிலம். வெள்ளை, மஞ்சள், துருச் சிவப்பு, அழுக்கு நீலத்தில் குட்டைகள். சில குட்டைகளில் மேலே கருப்பாக ஒரு ஆடை மிதக்கிறது. அது பைரைட் துகள், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. நல்ல படிகமாக இருந்தால் தங்கம் மாதிரி மினுங்கும் சரக்கு, இங்கே வெறும் கரி மாதிரி நுரைத்துக் கிடக்கிறது.

இரைச்சல் போடுவது பிக் பாய்லர் என்கிற ஆவித் துளை. அதன் ஆவியை 1988-ல் அளந்தபோது 161 டிகிரி செல்சியஸ். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும் என்பதை வைத்துப் பாருங்கள், அது எவ்வளவு சூடு என்று புரியும். பக்கத்தில் போக முடியாது. மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து இறங்கக் கூடாது. இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அந்த இடத்துக்கே அந்தப் பெயர்.

கெண்டல் வான்ஹுக் பம்பஸ் 1860-களில் இந்த இடத்தைக் கண்டுபிடித்து உரிமை கோரியவர். ஆதிக்குடிகளுக்கு அதற்கு முன்பே தெரிந்த இடம்தான், பெயர் மட்டும் பின்னால் வந்தவருக்குப் போனது. 1865-ல் ஒரு பத்திரிகைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். இங்கே தரை ஏமாற்றும், பார்த்து வாருங்கள் என்று எச்சரித்தவரும் அவரே. எச்சரித்தவரின் கால்தான் பொருக்கை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. கீழே கொதிக்கிற அமிலச் சேறு. வெந்த காலைக் கடைசியில் எடுக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பொருக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளுத்த, காய்ந்த, கெட்டியான தரை மாதிரிதான் தெரிகிறது. ஓடைக்கரைக் கரிசல் வெடித்துக் காய்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் அடியில் அமிலம் பாறையைத் தின்றுவிட்டது. மேலே அப்பளம் மட்டும் மிச்சம். எங்கே கனம், எங்கே அப்பளம் என்று பார்த்துச் சொல்லவே முடியாது. 2016-ல் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஒரு இளைஞர் மரப்பாதையை விட்டு இறங்கி வெந்நீர் ஊற்றுக்குள் விழுந்து இறந்தார். 23 வயது. உடலைக்கூட மீட்க முடியவில்லை. என் வயதுக்குப் பக்கத்து வயது என்பதாலோ என்னவோ, இந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்குப் பலகை ஓரத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. நடுவிலேயே நடந்தேன். அத்தான் கிண்டல் செய்தார், செய்யட்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முட்டை வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். செறிவு கூடினால் முதலில் மூக்கை மரக்கடிக்கும், நாற்றமே தெரியாது. திறந்த வெளியில் காற்று அடிக்கிற இடத்தில் அந்தப் பயம் இல்லை. ஆனால் சாக்கடைக் குழிக்குள் இறக்கப்பட்டு நம் ஊரில் ஆட்கள் சாகிறார்களே, அங்கே இருக்கிற விஷவாயுக்களில் இதுவும் ஒன்று. அதை யாரும் தேசியப் பூங்கா ஆக்கி மரப்பாதை போடவில்லை.

திரும்பி வந்து ஹெலன் ஏரிக் கரையில் அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பிரித்தோம். ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்தது. அத்தான் இந்தப் பூங்காவைப் பற்றி இன்னொரு விஷயம் படித்துச் சொன்னார். டெர்மினல் கெய்சர் என்ற ஆவித் துளை இருக்கிறது. பூங்காவுக்குள்ளேயே அந்தத் துண்டு நிலம் மட்டும் தனியாருக்குச் சொந்தமாக இருந்தது. 1978-ல் அங்கே பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கலாமா என்று பார்க்க ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். சூடு கிடைத்தது. ஆனால் கடைசியில் அரசாங்கம் அந்த நிலத்தையும் எடுத்துப் பூங்காவோடு சேர்த்துவிட்டது.

அப்பா கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எண்ணத் தொடங்கினார். "கந்தகம் எடுத்தவன் விட்டான். சோத்துக்கடை போட்டவன் விட்டான். ஒருத்தன் காலை விட்டான். கரண்டு எடுக்க வந்தவனும் விட்டான்." நாலு விரல் மடங்கியது. ஐந்தாவது விரலை மடக்காமல் என்னைப் பார்த்தார். "நீ கணக்குப் படிக்கிறவன். நம்ம கடை நிக்குமா நிக்காதா? உங்க அக்காவுக்காகவும் சொல்லாத, எனக்காகவும் சொல்லாத. கணக்கு என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லு."

என்னிடம் முதல்முறையாகக் கேட்கிறார். அந்த இடத்தில் ஏதாவது வசனம் பேசியிருக்கலாம். "பேரேடு வேணும்ப்பா, அஞ்சு வருஷத்துது" என்று மட்டும் சொன்னேன். அத்தான் புளியோதரையில் கவனமாக இருப்பதுபோல நடித்தார். நல்ல மனுஷன்.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து கணக்கைப் பிரித்தேன். கடை மொத்தமும் ஒரே கணக்காக எழுதப்பட்டிருந்ததால் எது தாங்குகிறது, எது தின்கிறது என்று மேலே பார்த்தால் தெரியவே தெரியாது. சரக்கு வாரியாகப் பிரித்த பிறகு தெரிந்தது. பட்டாசுச் சரக்கு மூன்று வருடமாகக் குடோன் வாடகையைக்கூடத் தூக்கவில்லை. தீப்பெட்டிக்காரர்கள் பரவாயில்லை, வாங்குகிறார்கள், காசு தாமதமாகத் தருகிறார்கள். கந்தகத்தின் விலை எங்கள் கையில் இல்லை, பட்டாசின் கையிலும் இல்லை. அது சுத்திகரிப்பு ஆலைகள் எவ்வளவு கழிக்கின்றன, உரத்துக்கான அமிலம் காய்ச்சுகிறவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் வாங்குவது அந்தக் கடலில் ஒரு சொம்பு. இதெல்லாம் அக்கா சொன்ன பக்கம் சாய்கிற எண்கள். ஒளிக்காமல் எழுதினேன்.

நான்காவதாக ஒரு வரி மட்டும் காலியாக விட்டிருந்தேன். தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சை. அவர்களுக்கும் சாம்பல் நோய் உண்டு, அவர்களும் கந்தகம் வாங்குகிறார்கள். பூச்சிமருந்துக் கடை உரிமம் தனியாக வாங்க வேண்டும், தூளின் தரம் வேறு, கடன் கொடுக்கிற முறையும் வேறாக இருக்கும். நேரில் போய் விசாரிக்காமல் அந்த வரியில் எண் போட முடியாது. அதையும் அப்படியே எழுதி, தாளை அப்பா மேசையில் வைத்தேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரை விரல் வைத்துப் படித்தார். முதல் மூன்று வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை. காலியாக இருந்த வரியில் விரல் நின்றது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒருமுறை தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"தேனிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்குடா?" என்றார்.